முடியாதா, கூடாதா: இனத்தைப் பார்த்து கிளாஸைப் பூட்டலாமா?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கற்பனை ஆட்டம். அதில் புதிய கேம்பெய்ன், அதாவது பல இரவுகள் நீளும் தொடர்கதை, தொடங்கப் போகிறது. முதல் நாள் ஆட்டத்துக்கு முன்பே ஒருவர் கேட்கிறார்: “நான் ட்வார்ஃப் மந்திரவாதியாக ஆடலாமா?” ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் சொல்லக்கூடிய பதில் மூன்று. “இல்லை, இந்த உலகத்தில் ட்வார்ஃப்களுக்கு மந்திரம் வராது.” “ஆடலாம், ஆனால் மற்ற மந்திரவாதிகளைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருப்பாய்.” “தாராளமாக ஆடு.” வெவ்வேறு ஆட்டங்களில் மூன்றையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பதிலும் மேஜையில் ஒவ்வொரு விதமான கதையை வளர்த்தது. எதை எப்போது சொல்ல வேண்டும் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. புதிதாக ஆட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு அதில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டங்களுக்குப் பழகாதவர்களுக்கு ஒரு வரி. இனம் என்பது பிறப்பில் வருவது: மனிதன், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங், ஆர்க். கிளாஸ் என்பது கற்றுக்கொண்ட தொழில்: ஃபைட்டர் (போர்வீரன்), விஸார்ட் (மந்திரவாதி), க்ளெரிக் (பூசாரி), ரோக் (திருடன்), பாலடின் (புனித வீரன்). பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கலாமா என்பதுதான் கேள்வி. இப்படிச் சொன்னவுடனே மனதில் ஏதோ நெருடுகிறது. எனக்கும் நெருடும். அந்த நெருடலை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடவும் கூடாது. மீனால் மரம் ஏற முடியாது என்றால் அதில் அநீதி இல்லை. ஏறத் தெரிந்த ஒருவனைப் பார்த்து நீ ஏறக் கூடாது என்றால் அது அநீதி. ஆட்ட விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில், ஒரே கோடு போட்டு அடைத்துவிடுகின்றன. ‘முடியாது’ எது, ‘கூடாது’ எது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் எனக்கு இந்த விஷயம் தெளிவாகத் தொடங்கியது.

பூட்டும் உச்சவரம்பும்

1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பில் மொத்தமே மூன்று கிளாஸ்கள். மனிதன் மூன்றில் எதையும் எடுக்கலாம், எவ்வளவு லெவல் (அனுபவம் கூடக் கூடப் பாத்திரம் ஏறும் படி) வேண்டுமானாலும் ஏறலாம். ட்வார்ஃப் போர்வீரன் மட்டும்தான், அதுவும் 6ம் லெவலோடு சரி. ஹாஃப்லிங்குக்கு 4ம் லெவல் எல்லை. எல்ஃப் போர்வீரனாக 4, மந்திரவாதியாக 8 வரை போகலாம். இதே சிறுபுத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஆடுபவர் எதுவாக வேண்டுமானாலும் ஆடலாம், ஒரு டிராகனாகக்கூட, குட்டி டிராகனாகத் தொடங்கி மெல்ல வளர்ந்தால் போதும் என்று. டிராகனுக்குத் திறந்த கதவு மந்திரம் கற்க விரும்பிய ட்வார்ஃபுக்கு மூடியிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1978ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு இதைப் பெரிய அட்டவணையாக ஆக்கியது. பாலடினும் மாங்க்கும் (துறவி வீரன்) மனிதர்களுக்கு மட்டும். இல்யூஷனிஸ்ட் (மாயத்தோற்ற மந்திரவாதி) ஆக, மனிதனாகவோ நோம் என்ற சிற்றுருவ இனமாகவோ இருக்க வேண்டும். ட்வார்ஃபுக்கு மந்திரம் கிடையாது. எல்ஃப் ஃபைட்டர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் 7ம் லெவலில் நின்றுவிடுவான். திருட்டுத் தொழிலில் மட்டும் அநேகமாக எல்லா இனத்துக்கும் எல்லையே இல்லை.

இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, உலகம் மனிதர்களுடையதாக இருக்க வேண்டும் என்று கைகாக்ஸ் உறுதியாக நினைத்தார். ஆயிரம் வருடம் வாழும் எல்ஃப்களுக்கும் எல்லையில்லா வளர்ச்சி கொடுத்தால், மனித அரசுகள் எப்படி நிலைத்திருக்கும் என்பது அதன் தர்க்கம். இரண்டு, சமநிலை. எல்ஃபுக்குப் பிறப்பிலேயே ஏகப்பட்ட வரங்கள்: இருட்டில் பார்வை, மறைகதவைக் கண்டுபிடிக்கும் கூர்மை, தூக்க மந்திரத்துக்கும் வசிய மந்திரத்துக்கும் 90 சதவீதம் எதிர்ப்பு, வாளிலும் வில்லிலும் கூடுதல் குறி. போதாததற்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிளாஸ்களில் வளரலாம். மனிதனுக்கு இதில் எதுவுமே இல்லை. அதனால் எல்ஃபுக்கு ஓர் உச்சவரம்பு.

சமநிலைக்காகப் போட்ட இந்த உச்சவரம்பைப் போல மோசமான கருவி இந்த ஆட்டங்களின் வரலாற்றில் குறைவு என்று நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள். எல்ஃப் ஆடுபவர் முதல் நாளிலிருந்து வரங்களை அனுபவிக்கிறார். அதற்கான விலையை 7ம் லெவலுக்குப் பிறகுதான் கட்டுகிறார். பெரும்பாலான கேம்பெய்ன்கள் அவ்வளவு தூரம் போவதே இல்லை. வேலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, ஆட்டம் நின்றுவிடுகிறது. அப்போது எல்ஃப் கடன் வாங்கித் திருப்பியே கொடுக்காதவர் ஆகிறார், மனிதன் ஆடியவர் ஏமாந்தவர் ஆகிறார். மாறாக ஆட்டம் மூன்று வருடம் ஓடிவிட்டால் எல்ஃப் ஆடுபவர் அப்படியே உறைந்து நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள், இவர் வாராவாரம் வந்து அதே எண்களை உருட்டுகிறார். அதாவது விதி யாரைத் தண்டிக்கிறது என்றால், விட்டுப் போகாமல் கடைசிவரை வந்து உட்கார்ந்தவரை. கதைக்குள்ளேயும் இது பொருந்தவில்லை. முந்நூறு வருடம் வாள் பிடித்த எல்ஃபுக்கு வராத வித்தை இருபத்தைந்து வயது மனிதனுக்கு எப்படி வருகிறது?

1989ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த வரம்புகளை நன்றாக உயர்த்தியது, அவற்றைத் தாண்டிப் போக விருப்ப விதிகளையும் கேம் மாஸ்டர் கையேட்டில் சேர்த்தது. பாலடினை மட்டும் மனிதர்களுக்கே வைத்திருந்தது. 1998ல் வந்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டில் பாலடினாக நினைத்து எல்ஃபைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த மூடிய பொத்தான் நினைவிருக்கும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். உச்சவரம்பு தோற்றதால் பூட்டு முழுவதும் தோற்றுவிட்டது என்று ஆகாது. ‘ட்வார்ஃப்களுக்கு மந்திரம் வராது’ என்ற ஒரே வரி ஓர் உலகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. அவர்களுடைய கோட்டைகளில் மந்திர விளக்கு இருக்காது. வாசலைக் காப்பது பொறிகளும் எடைக்கற்களுமாக இருக்கும். ஒரு மந்திரவாதி நகர வாசலில் நின்றால் காவலாளி என்ன செய்வான் என்று யோசித்தாலே அன்றைய ஆட்டம் கிடைத்துவிடும். நல்ல தடை ஒன்று பத்துப் பக்க வரலாற்றுக் குறிப்பைவிட அதிகம் சொல்லும், ஏனென்றால் அதை ஆடுபவர்கள் படிக்க வேண்டியதில்லை, முட்டித் தெரிந்துகொள்வார்கள்.

இனமே கிளாஸ் ஆனபோது

1981ல் வந்த பேசிக் பதிப்பு வேறு வழியில் போனது. மனிதனாக ஆடினால் ஃபைட்டர், க்ளெரிக், மேஜிக் யூசர், தீஃப் என்று நான்கில் ஒன்று. மற்றபடி எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ், ட்வார்ஃப் ஒரு கிளாஸ், ஹாஃப்லிங் ஒரு கிளாஸ். எல்ஃப் கவசம் போட்டுக்கொண்டே மந்திரம் போடலாம். அதற்கு விலை அப்போதைக்கப்போது வசூலிக்கப்பட்டது: ஃபைட்டர் 2,000 அனுபவப் புள்ளியில் இரண்டாம் லெவலுக்குப் போவான், எல்ஃபுக்கு 4,000 வேண்டும். உச்சவரம்பு இதிலும் உண்டு (ட்வார்ஃப் 12, எல்ஃப் 10, ஹாஃப்லிங் 8), ஆனால் முக்கியமான விலையை முதல் நாளிலிருந்தே கட்டவைத்ததுதான் நேர்மையான கணக்கு.

பலரும் இதைப் பழைய காலத்து அபத்தம் என்று சிரிப்பார்கள். எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு. இது ஆட்டக்காரரிடம் எதையும் பிடுங்குவதில்லை. ‘எல்ஃப், ஆனால் பாலடின் ஆக முடியாது’ என்று ஒரு பட்டியலை நீட்டுவதற்குப் பதிலாக, ‘எல்ஃப் என்றால் இப்படித்தான்’ என்று முழு உருவத்தையே கையில் கொடுக்கிறது. முதல் தடவை ஆட உட்காருபவருக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பாத்திரம் தயார். 2012ல் வந்த டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டம் இதே வழியைத் திரும்பவும் எடுத்துக்கொண்டது, 2019ன் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸும் அப்படியே.

குறை எங்கே என்றால், ஒரு இனத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். மேஜையில் இரண்டு பேர் ட்வார்ஃப் எடுத்தால் இருவரும் தாளில் இரட்டைப் பிறவிகள். ட்வார்ஃப் நகரத்துக்குள் போனால் அங்கே பூசாரி யார், திருடன் யார், வைத்தியம் பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. மூன்று நான்கு இரவுகளில் முடியும் நிலவறை ஆட்டத்துக்கு அது தேவையும் இல்லை. ஒரு வருடம் ஓடும் கேம்பெய்னுக்கு இது போதாது.

கண்ணுக்குத் தெரியாத பூட்டு

2000ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கதவுகளையும் திறந்தது. யாரும் எதுவும் ஆகலாம். ட்வார்ஃப் மந்திரவாதி, ஆர்க் ரத்தம் கலந்த பாலடின், எல்லாம் சரி. அப்போது பலருக்கும் இது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் பலம், புத்திக்கூர்மை போன்ற திறன்களின் எண்களில் இனங்களுக்குக் கூட்டலும் கழித்தலும் இருந்தன. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு விருப்ப கிளாஸும் இருந்தது. பல கிளாஸ்களைக் கலந்து ஏறும்போது லெவல்கள் சமமில்லாமல் போனால் அனுபவப் புள்ளியில் 20 சதவீதம் வெட்டு. விருப்ப கிளாஸ் மட்டும் அந்தக் கணக்கில் வராது.

இதுதான் இரண்டாவது பதில்: ஆடலாம், ஆனால் பின்தங்குவாய். கேட்க மிதமான வழி போலத் தெரிகிறது. எனக்கு இதில்தான் அதிக மனத்தாங்கல்.

2014ன் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் விஸார்ட் ஆடுகிறார்கள். ஒருவர் ஹை எல்ஃப், இன்னொருவர் ஹாஃப் ஆர்க். இருவரும் தங்கள் சிறந்த எண்ணான 15ஐப் புத்திக்கூர்மைக்கு வைக்கிறார்கள். எல்ஃபுக்கு இனத்தால் ஒன்று கூடி 16, அதாவது உருட்டலில் 3 கூட்டல். ஹாஃப் ஆர்க்குக்கு இனம் தருவது பலமும் உடல்திறனும், புத்திக்கு ஒன்றுமில்லை. 15 அப்படியே நிற்கிறது, 2 கூட்டல்தான். இருபது முகப் பகடையில் ஒன்று என்பது 5 சதவீதம். சின்ன வித்தியாசம்தானே? ஆனால் அது போவதில்லை. 4ம் லெவலில் இருவரும் இரண்டு புள்ளி ஏற்றுகிறார்கள்: எல்ஃப் 18, ஆர்க் 17. எட்டாம் லெவலில் எல்ஃப் உச்சமான 20ஐத் தொட்டுவிட்டார், ஆர்க் 19. பன்னிரண்டாம் லெவலில்தான் ஆர்க் வந்து சேருகிறார். அதற்குள் எல்ஃப் அந்த ஏற்றத்தை வேறெதற்கோ செலவழித்துவிட்டிருப்பார். பன்னிரண்டு லெவல் என்பது ஒன்றரை இரண்டு வருட ஆட்டம். அவ்வளவு காலமும் ஒவ்வொரு மந்திரத்திலும் ஒரு படி கீழே.

விளைவு என்ன? யாரும் தடுக்கவில்லை, ஆனால் யாரும் எடுக்கவும் இல்லை. எங்கள் குழுவில் அந்தக் காலத்தில் புத்தகத்தைப் புரட்டி ‘இந்த கிளாஸுக்கு எந்த இனம் தோதானது’ என்று பார்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆர்க் மந்திரவாதி ஆசைப்பட்டவர்கள் கடைசியில் நோம் மந்திரவாதி எழுதினார்கள். வெளிப்படையான பூட்டில் குறைந்தபட்சம் உலகத்தைப் பற்றிய ஒரு செய்தி இருக்கிறது: ‘இங்கே இப்படித்தான், ஏனென்றால்…’ என்று ஒரு கதை. எண்களின் பூட்டில் கதை இல்லை. ஆர்க் சமூகத்தில் மந்திரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அந்த ஒரு புள்ளி எனக்கு எதையும் சொல்லவில்லை. அது ஆட்டக்காரரின் கையைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

எண்களை வைத்தே இதைச் சரிசெய்யவும் வழி உண்டு என்று 2013ல் வந்த தர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டம் காட்டியது. அதில் இனம் ஒரு கூட்டல் தருகிறது, கிளாஸும் ஒரு கூட்டல் தருகிறது, இரண்டும் ஒரே திறனில் விழக்கூடாது. மந்திரவாதிக்குத் தேவையான கூட்டலை கிளாஸே கொடுத்துவிடுவதால் எந்த இனத்தில் பிறந்தாலும் தொழிலில் பின்தங்குவதில்லை. இனத்தின் கூட்டல் இன்னொரு திறனில் தன் சாயலைக் காட்டுகிறது: வலுவான ஆர்க் மந்திரவாதி, சுறுசுறுப்பான எல்ஃப் மந்திரவாதி. இவ்வளவு எளிய யோசனை ஏன் எல்லா ஆட்டத்திலும் பரவவில்லை என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தன் பங்குக்கு 2020ல் இனத்தின் கூட்டலை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று விருப்ப விதி கொண்டுவந்தது. 2024 கையேட்டில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய் ‘ஸ்பீஷீஸ்’ வந்தது. கூட்டல் இப்போது பாத்திரம் வளர்ந்த பின்னணியிலிருந்து வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பூட்டு எங்கே போனது என்று உற்றுப் பாருங்கள். விவசாயி என்ற பின்னணி தரும் மூன்று திறன்கள் பலம், உடல்திறன், விவேகம். புத்திக்கூர்மை அதில் இல்லை. பழைய ஆர்க் மந்திரவாதி நின்ற இடத்தில் இப்போது வயலிலிருந்து வந்த மந்திரவாதி நிற்கிறார். பிறப்பில் இருந்த தடை வளர்ப்புக்கு இடம் மாறியிருக்கிறது. வயலில் வளர்ந்து மந்திரம் கற்றவரின் கதைதான் எனக்கு எப்போதும் பிடித்த கதை, அதனால் இது எனக்கு வலிக்கவே செய்கிறது.

முழுக்கத் திறந்தால்

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, எண்களையும் எடுத்துவிடலாமே? பெரும்பாலான மேஜைகளுக்கு இதுதான் நல்ல தொடக்கம். ஒருவர் மனதில் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டு வருகிறார். வந்த உற்சாகத்தோடு அவரை உட்கார வைப்பது கேம் மாஸ்டரின் முதல் கடமை. அந்த உற்சாகத்தை அட்டவணை காட்டி அணைத்தால் அதைத் திரும்ப மூட்டுவது கடினம். பிறப்பை வைத்துத் தொழிலை மறுக்கும் விதி சிலருக்கு வெறும் ஆட்ட விதியாகக் காதில் விழாது என்பதையும் மறக்கக் கூடாது. வாழ்க்கையில் அந்த வரியைக் கேட்டுக் களைத்தவர் மேஜைக்கு வந்தது அதிலிருந்து கொஞ்ச நேரம் விலகியிருக்க. அவரை உட்கார வைத்து அதையே படித்துக் காட்டுவது நியாயமில்லை.

ஆனால் திறந்த வாசலுக்கும் ஒரு விலை உண்டு. ஒரு கேம்பெய்னில் ஆறு பேர் ஆறு இனம் எடுத்தார்கள், நான் எதையும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு பாதாளக் காட்சியில் “உங்களில் இருட்டில் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். ஒருவர் தன் தாளைப் புரட்டிப் பார்த்து, “அட, நான் எல்ஃப் இல்லையா” என்றார். எல்லோரும் சிரித்தோம், எனக்குள் மட்டும் சுருக்கென்றது. மூன்று மாதமாக அவர் எல்ஃப் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அந்த உலகத்துக்கும் தெரியவில்லை. தவறு அவருடையது இல்லை. எல்ஃபாக இருப்பதற்கும் இல்லாததற்கும் என் உலகம் ஒரு வித்தியாசமும் வைத்திருக்கவில்லை.

கூடாது என்றவர் யார்?

அடுத்த கேம்பெய்னில்தான் அந்த ட்வார்ஃப் மந்திரவாதிக் கேள்வி வந்தது. என் உலகக் குறிப்பில் ‘ட்வார்ஃப்களுக்கு மந்திரம் இல்லை’ என்று எழுதியிருந்தேன். கேட்டவர் என் பழைய தோழி. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எனக்கே ஒரு சந்தேகம்: முடியாதா, கூடாதா? என் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. பழக்கத்தில் எழுதிவைத்த வரி அது. அதனால் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: “சரி, உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?”

அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தாள். தன் பாத்திரத்தின் பாட்டி கற்றுக்கொடுத்ததாகச் சொன்னாள், சுரங்கத்தின் மூடப்பட்ட பகுதியில், ரகசியமாக. அந்த ஒரு வரி என் உலகத்தையே மாற்றியது. ட்வார்ஃப்களுக்கு மந்திரம் வரும், ஆனால் கூடாது. யார் சொன்னது? எப்போதிலிருந்து? சுரங்கம் ஏன் மூடப்பட்டது? பாட்டிக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நான்கு மாத ஆட்டம் இந்தக் கேள்விகளிலிருந்தே வந்தது. அவள் ட்வார்ஃப் என்பதை அதற்குப் பிறகு மேஜையில் யாரும் ஒரு நாளும் மறக்கவில்லை. தடை இல்லாதிருந்தால் இந்தக் கதை இல்லை. தடையில் நான் பிடிவாதமாக நின்றிருந்தாலும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ‘கூடாது’ என்ற தடை விதிப்புத்தகத்தில் இருக்கக் கூடாது, உலகத்துக்குள் இருக்க வேண்டும். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ஒரு சபை, ஒரு குரு, ஒரு குலத்தலைவி. ஆள் இருந்தால் ஏமாற்றலாம், வாதாடலாம், கெஞ்சலாம், எதிர்த்து நிற்கலாம். அட்டவணையோடு வாதாட முடியாது. 2015ல் வந்த ப்ளேட்சிங்கர் என்ற மந்திரவாதிப் பிரிவு எல்ஃப்களுக்கும் பாதி எல்ஃப்களுக்கும் மட்டும் என்றிருந்தது, எல்ஃப்கள் அந்தக் கலையை வெளியே விடுவதில்லை என்பதால். கேம் மாஸ்டர் விரும்பினால் தடையை நீக்கலாம் என்றும் அங்கேயே போட்டிருந்தார்கள். 2020ல் தடை போய்விட்டது. நானாக இருந்தால் விதியில் மட்டும் நீக்கிவிட்டு, கதையில் வைத்திருப்பேன். எல்ஃப் அல்லாத ஒருவன் அந்த வாள்நடனத்தைத் தெருவில் ஆடிக்காட்டினால் மறுநாள் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்?

கணினி விளையாட்டுகளில் இந்தப் பேரம் பேச ஆள் இல்லை என்பதால் அவை வேறு கணக்கு. ஆனாலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஓர் அழகான பாடம் வைத்திருக்கிறது. 2004ல் அது வந்தபோது பாலடின் ஒரு தரப்பின் மனிதர், ட்வார்ஃப் இருவருக்கு மட்டும், எதிர்த்தரப்புக்கு மட்டும் ஷாமன் (ஆவிகளை அழைக்கும் பூசாரி). 2007ல் இரு தரப்புக்கும் இரண்டும் கிடைத்தன. 2010ல் டாரன் என்ற மாட்டுத்தலை இனமும் பாலடின் ஆகலாம் என்றார்கள். மனிதர்களின் தேவாலயப் பாலடினை அப்படியே தூக்கி டாரனுக்கு மாட்டிவிடவில்லை. நிலத்தாயை வணங்கும் டாரன்கள் அவளுடைய இரண்டு கண்களில் ஒன்றான சூரியனை நோக்கித் திரும்பியதாகவும், அவர்களுக்கு ‘சூரியநடையர்’ என்று பெயர் என்றும் ஒரு வேர் கொடுத்தார்கள். கதவைத் திறந்தபோது உலகம் நீர்த்துப்போகவில்லை, ஒரு நம்பிக்கை கூடியது.

தடை என்ற சொல்லையே புரட்டிப் போடும் வழியும் உண்டு. வார்ஹாமர் ரோல்பிளே ஆட்டத்தின் 2018 பதிப்பில் ட்வார்ஃபும் ஹாஃப்லிங்கும் மந்திரவாதி ஆக முடியாது. ஆனால் அதே புத்தகத்தில் ட்வார்ஃபுக்கு மட்டுமே உள்ள தொழில் ஒன்று இருக்கிறது: ஸ்லேயர். மானம் போன ட்வார்ஃப் தலைமுடிக்கு ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டு, பெரிய அரக்கர்களைத் தேடிப் போய்ச் சண்டையில் சாக நேர்ந்துகொள்கிறான். இதைப் படித்த பிறகு மந்திரவாதி ஆக முடியவில்லையே என்று வருந்துகிற ட்வார்ஃப் ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான்: ட்வார்ஃப் க்ளெரிக் என்றால் கல்லோடு பேசலாம், எல்ஃப் மந்திரவாதி என்றால் மந்திரத்தை உணர்வது மூச்சு விடுவது போல. எந்த இனம் எந்த கிளாஸ் எடுக்கலாம் என்ற பட்டியல் அதிலும் குறுகியதுதான். ஆனால் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு பரிசோடு வருவதால் அது பூட்டாகத் தெரிவதில்லை. எதைத் தரமாட்டோம் என்று தொடங்காமல், இவர்களிடம் மட்டும் என்ன இருக்கிறது என்று தொடங்கினால் அதே குறுகல் சீதனமாக ஆகிவிடுகிறது.

முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு

ஓரிரு இரவு ஆட்டம், அல்லது மேஜையில் பாதிப் பேர் புதியவர்கள் என்றால் இனமே கிளாஸ் என்ற பழைய வழியைத் தயங்காமல் எடுங்கள். விளக்க வேண்டியது குறைவு, சிரிப்பும் பயமும் சீக்கிரம் வரும்.

நீண்ட கேம்பெய்ன், உலகமும் உங்களுடையது என்றால், விதியில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு உலகத்தில் இரண்டு மூன்று கதவுகளை மட்டும் மூடுங்கள். அதற்கு மேல் மூடினால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒவ்வொன்றையும் மூடும்போது முடியாதா, கூடாதா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். முடியாது என்றால் அந்த உயிரின் உடலிலோ மந்திரத்தின் இயல்பிலோ அதற்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் வேறு ஐந்து இடங்களிலும் தென்பட வேண்டும். மந்திரம் ட்வார்ஃபின் உடலில் தங்காது என்றால், மந்திர மருந்தும் அவனைக் குணப்படுத்தாது, சாபமும் பலிக்காது. அந்த விலையைக் கொடுக்க நீங்கள் தயாராக இல்லையென்றால் அது உண்மையான ‘முடியாது’ இல்லை, எடுத்துவிடுங்கள்.

எண்களால் சாய்க்கும் இரண்டாவது பதிலை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் ஆடும் புத்தகத்தில் அது இருந்தால், கிளாஸுக்குத் தேவையான கூட்டலை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடலாம். சமநிலை ஒன்றும் கெட்டுப்போகாது. பல வருடமாக அப்படித்தான் நடத்துகிறேன்.

மனிதர்கள் வெறுமையாகத் தெரிவார்களே என்ற கவலைக்கும் இதே மருந்துதான். மூன்றாம் பதிப்பு மற்றவர்களைக் கட்டிப்போடாமல் மனிதனுக்கு ஒரு கூடுதல் சிறப்புத்திறனைக் கொடுத்தது. அதில் மனிதனாக ஆட ஆள் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியாக ஒன்று. உலகக் குறிப்பை எழுதி முடித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே ஆடப்போகிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு என்ன ஆட ஆசை என்று. அடுத்த மாதம் தொடங்கும் என் ஆட்டத்தில் ஒருவர் ஹாஃப்லிங் பாலடின் கேட்டிருக்கிறார். என் உலகத்தில் பாலடின்களின் கோட்டைக்கு ஏழடி உயர வாசலும், ஆளுயரக் கேடயமும், மனிதர்களை மட்டும் சேர்க்கும் பழைய சட்டமும் இருக்கின்றன. “வா” என்று சொல்லியிருக்கிறேன். கோட்டையின் படைத்தலைவர் அவரிடம் என்ன சொல்வார் என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.